கையில்லாத கிரேக்கர்

கிரேக்கர்கள் சிலைகளுக்குக் கை வைப்பதில்லை என்று நான் இருபது வயதுவரை நம்பியிருந்தேன். நான் மட்டுமல்ல, எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குச் சித்திரம் எடுத்த மூன்று பேரும் அப்படித்தான் நம்பினோம். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பிறகு அதற்கு இடம் வராது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்கு அக்கராயன் குளத்தின் கீழே மூன்று ஏக்கர் வயல். நான் கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய்ப் படித்தேன். சித்திரம் படிப்பித்த ரீச்சர் உண்மையில் மனைப்பொருளியல் படிப்பிக்க வந்தவர். வேறு ஆள் இல்லாததால் எங்களையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பாவம், அவரும் எங்களோடு சேர்ந்துதான் படித்தார். கலை வரலாற்றுக்கு எங்களுக்கு இருந்ததெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து அவர் கொண்டுவந்த, மை உருட்டிப் படியெடுத்த றோணியோ குறிப்புகள் மட்டுமே. எழுத்து ஓரளவு தெரியும். படங்கள் இருந்த பக்கங்களில் மை ஊறிப் பரவிக் கிடந்தது. கிரேக்கச் சிற்பம் என்ற பகுதியில் ஐந்து படங்கள். ஐந்திலும் கை இல்லை. ஒன்றில் தலையும் இல்லை. படங்களுக்கான விளக்கம் கடைசித் தாளில் இருந்திருக்க வேண்டும். அந்தத் தாள் எங்களிடம் வந்து சேரவில்லை.

எகிப்தியப் படங்கள் அப்படியில்லை. கோடுகளால் ஆனவை என்பதால் றோணியோவையும் தாண்டித் தெளிவாக விழுந்திருந்தன. தலை பக்கவாட்டில் இருக்கும், கண் மட்டும் நேரே பார்க்கும். தோள் இரண்டும் நேராக இருக்கும், கால்கள் மறுபடியும் பக்கவாட்டில் நடக்கும். ஒரு மனிதனின் எந்தப் பாகம் எந்தப் பக்கத்தால் நன்றாக விளங்குமோ அந்தப் பக்கத்தைக் கீறிவிடுவார்கள். அப்படி ஒருவன் நிற்க முடியுமா என்ற கவலை அவர்களுக்கு இல்லை. அந்தப் படங்கள் இறந்தவனுக்காகக் கீறப்பட்டவை, கீறாமல் விட்ட உறுப்பு மறு உலகத்தில் அவனுக்கு இல்லாமல் போய்விடும், அதனால் இரண்டு கையும் இரண்டு காலும் கட்டாயம் தெரிய வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருந்தது.

எனக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. கிரேக்கர்கள்தான் என் ஆட்கள். 'எகிப்தியன் அறிந்ததைக் கீறினான், கிரேக்கன் கண்டதைச் செதுக்கினான்' என்று எழுதினேன். ஆதிக் கிரேக்கச் சிலைகளும் எகிப்தியச் சிலைகளைப் போல இடது காலை முன்வைத்து விறைத்து நின்றவைதான், பிறகுதான் பாரத்தை ஒரு காலில் போட்டு இடுப்பைச் சற்று வளைத்து உயிரோடு நிற்கத் தொடங்கின என்று எழுதினேன். அதுவரை சரி. அதன்பிறகு என் சொந்தச் சரக்கு ஒன்றைச் சேர்த்தேன்: 'உடலின் அழகில் பார்வை தங்க வேண்டும் என்பதற்காகக் கிரேக்கச் சிற்பி கைகளை விலக்கினான்.' ரீச்சர் அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு 'நல்ல சிந்தனை' என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கொப்பியை நான் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஒரே ஆளை இரண்டு முறையிலும் கீறிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாக விளங்கும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் அம்மாவும் அண்ணனும் நானும்தான். ஐயா நான் ஆறாம் வகுப்புப் படித்தபோதே பாம்பு கடித்து இறந்துவிட்டார். அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு வயலைப் பார்த்தவர். அவரைப் பிடித்து முற்றத்தில் மண்வெட்டியோடு நிறுத்தினேன்.

"எவ்வளவு நேரமடி இப்பிடி நிக்கிறது? வயலுக்குத் தண்ணி திறந்துபோட்டு வந்தனான்."

"முகத்தை அங்கால திருப்புங்கோ. தோளை இங்கால."

"கழுத்து முறிஞ்சுபோம்."

"எகிப்துக்காரர் நிண்டவங்கள்தானே."

"அவங்கள் செத்தாப் பிறகு நிண்டிருப்பாங்கள்."

அண்ணனின் இடது கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான்கு வயதில் நெல் அவித்த கிடாரத்துக்குள் அந்தக் கை விழுந்துவிட்டது. காயம் ஆறியபோது சின்னி விரலும் மோதிர விரலும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கைப் பக்கம் மடிந்து நின்றுவிட்டன. மண்வெட்டி பிடிக்கவும் கதிர் அறுக்கவும் அது தடையாக இருக்கவில்லை. ஆனால் நான்கு பேர் கூடும் இடத்தில் அந்தக் கை சாரத்தின் மடிப்புக்குள் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப்படத்திலும் பின்வரிசையில்தான் நின்றிருந்தார்.

எகிப்திய முறையில் மறைக்க வழியில்லை. இரண்டு கையும் தெரிய வேண்டும். ஒட்டிய விரல்களையும் மடிந்த நகத்தையும் அப்படியே கீறினேன். முகம் அவ்வளவு சரியாக வரவில்லை. பக்கவாட்டு முகத்தில் நேரான கண் மீன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் கையாகவே வந்தது.

அண்ணன் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"இதையேன் கீறினனி?"

"எகிப்திய முறை அண்ணை. இருக்கிறதெல்லாம் வரவேணும். கீறாட்டில் செத்தாப் பிறகு அது இருக்காதாம்."

"இல்லாட்டில் எனக்கு நல்லதுதானே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதை ஒருத்தருக்கும் காட்டாதை" என்றார். காட்டமாட்டேன் என்று சொன்னேன்.

அடுத்த கிழமை கிரேக்க முறையில் கீறினேன். மேற்சட்டையைக் கழற்றச் சொல்லி, பாரத்தை வலது காலில் போட்டு நிற்கவைத்து, நெற்றியும் மூக்கும் ஒரே கோட்டில் இறங்குவதாகக் கீறினேன். அண்ணனின் மூக்கு அப்படி இறங்குவதில்லை. கன்னத்திலிருந்த அம்மைத் தழும்புகளையும் விட்டுவிட்டேன். கைகள் இரண்டையும் தோளோடு நிறுத்திவிட்டேன், அதற்குக் கீழே ஒன்றும் கீறவில்லை. அவருக்கு அந்தப் படம் நன்றாகப் பிடித்துவிட்டது. "இப்பிடிக் கீறத் தெரிஞ்சுகொண்டே அதைக் கீறினனி?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் அதை ஒட்டிவைத்தார். சட்டை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அந்த வருடத்தில் இராணுவத்தின் சுற்றிவளைப்புகள் கூடின. வீட்டுச் சுவரில் ஒரு இளைஞனின் படத்தைக் கண்டால், 'இவன் எங்கே?' என்று கேட்டு வீட்டுக்காரரை அடிக்கிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் பரவியது. அம்மா ஒருநாள் காலை வீட்டிலிருந்த எல்லாப் படங்களையும் அடுப்பில் வைத்தார். குழுப்படம், ஐயாவோடு அண்ணன் நின்ற படம், தேருக்குப் போனபோது எடுத்த படம் எல்லாம் போயின. என் சித்திரங்களை விட்டுவிட்டார். அவற்றை அவர் படங்கள் என்று கணக்கெடுக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தான் அம்மா எரித்தார். அதில் அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

சித்திரை மாதம், வயலுக்கு யூரியா எடுக்க என்று கிளிநொச்சிக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. பஸ் நிலையத்தில் நின்றவர்களைப் பிடித்து லொறியில் ஏற்றியதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். அடையாள அட்டை அவரிடமே இருந்தது. அந்த அட்டைக்குப் படம் எடுத்த ஸ்ரூடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தார்.

பிடிபட்டவர்களை வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றுக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டு நானும் அம்மாவும் போனோம். வாசலில் இருந்தவர் ஒரு கொப்பியைப் புரட்டிவிட்டு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்தப் பதிலை அடுத்த ஒன்பது மாதங்களும் கேட்டோம். எங்களுக்காகக் கடிதம் எழுதித் தந்த பிரஜைகள் குழுப் பெரியவர் ஒருவர் விஷயத்தை நேரடியாகச் சொன்னார்:

"உள்ளுக்கை உங்கடை பொடியனைக் கண்டன் எண்டு சொல்ல ஒரேயொரு ஆள் வேணும் பிள்ளை. ஒரு ஆள் காணும். பிறகு அவங்கள் இல்லையெண்டு சொல்லேலாது. போன வருசம் அப்பிடி மூண்டு பேரை வெளியிலை எடுத்தனாங்கள்."

ஆக, எங்களுக்கு வேண்டியது ஒரு ஆள். முகாம் வாசலுக்கு எதிரே ஒரு பாலை மரம் நின்றது. அதன் கீழ் ஓமந்தை, முள்ளியவளை, இன்னும் எங்கெங்கோ இருந்து வந்த தாய்மார் காலையிலிருந்து நிற்பார்கள். எப்போதாவது ஒருவர் விடுதலையாகி வெளியே வருவார். வந்தவரைச் சுற்றி நின்று எல்லோரும் படங்களை நீட்டுவார்கள். அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அது அங்கே எழுதாத சட்டமாக இருந்தது. எல்லாப் படத்தையும் பார்க்காமல் யாரும் பஸ் ஏறுவதில்லை.

நான் அலுமாரிக் கதவிலிருந்து கிரேக்கப் படத்தைக் கழற்றிக்கொண்டு போனேன்.

"பிள்ளைக்குக் கையில்லையோ?" என்று பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் இரக்கத்தோடு கேட்டார்.

"அது கிரேக்க முறை" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் ஒன்றும் விளங்காமல் என் அம்மாவைப் பார்த்தார். அதன்பிறகு தாளை மார்போடு மடித்து, முகம் மட்டும் தெரியக் காட்டினேன்.

எகிப்தியப் படத்தை ஏன் கொண்டுபோகவில்லை? அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வசதியான சாக்கு. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நேரத்திலும், வெளியே எடுக்க எனக்கு வெட்கமில்லாதது கிரேக்கப் படம் மட்டும் என்பதுதான் உண்மை. அந்த மரத்தடியில் வேறு யாரிடமும் அப்படி ஒரு படம் இருக்கவில்லை. அதைப் பார்த்தவர்கள், நீயா கீறினாய் என்று கேட்டார்கள். ஓம் என்றேன். என்னை நினைக்க எனக்கே இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

ஆவணியில் இரண்டு பேர் ஒன்றாக வெளியே வந்தார்கள். இருவரும் என் படத்தை வாங்கி நிறைய நேரம் பார்த்தார்கள். "வடிவான பிள்ளை. காணேல்லையே தங்கச்சி" என்றார் ஒருவர். மற்றவர் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

மார்கழி மழையில் பஸ்ஸுக்கு ஓடியபோது கிரேக்கப் படம் நனைந்து, கைக்குள் கசங்கி, பென்சில் கலைந்துவிட்டது. முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறம்தான் மிஞ்சியது. வேறொன்று கீறுகிறேன் என்று உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கிரேக்க முகம்தான் வந்தது, அண்ணன் வரவில்லை. ஒரே மாதிரி நாலைந்து அழகான ஆட்களைக் கீறிக் கசக்கி எறிந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் போனபோது, மரத்தடியில் அம்மா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பார்த்தால் எகிப்தியப் படம். என் கொப்பிகளுக்கு அடியில் கிளறி எடுத்திருக்கிறார்.

"அம்மா, அதை உள்ளுக்கை வையுங்கோ. அது சோதனைக்குக் கீறினது. முகமே சரியில்லை. ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். இதிலை என்ரை பிள்ளையின்ரை கை இருக்கு."

அன்று ஒருவர் வெளியே வந்தார். மலைநாட்டிலிருந்து எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, ஓமந்தைப் பக்கம் கூலி வேலை செய்தவர் என்று பிறகு தெரிந்தது. வயது நாற்பது இருக்கும், அறுபது போல நின்றார். படங்களைப் பார்த்துப் பார்த்து இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அம்மாவின் தாளுக்கு வந்ததும் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் அந்தக் கையைத் தொட்டார்.

"இந்தக் கைய நான் பாத்திருக்கேன்மா."

அம்மா அவரது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மொகம் தெரியாதும்மா. மத்த அறையில யாரு மொகத்தையும் நாங்க பாக்கல. செவுத்துல ஒரு ஓட்ட இருக்கும். அதுவழியா ரெண்டு கையையும் நீட்டித்தான் சோறு வாங்குவோம். எதிர்த்தாப்பு அறையில இருந்தவரோட கை இது. ரெண்டு வெரலு ஒட்டியிருக்கும். கார்த்திக வரைக்கும் நீட்டினாரு."

"பிறகு?" என்று நான்தான் கேட்டேன்.

"பொறகு அந்தக் கை வரல்ல தங்கச்சி."

அம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "சாப்பிட்டவனோ தம்பி?"

"சாப்பிட்டாரும்மா. நல்லாச் சாப்பிட்டாரு."

அம்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த மனிதரைப் பஸ்வரை கூட்டிக்கொண்டு போனேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். ஆவணியில் வெளியே வந்த இரண்டு பேரைத் தெரியுமா?

"எங்க அறையிலதான் இருந்தாங்க. ஓட்டைக்குப் பக்கத்துல படுத்திருந்தவங்க. அவங்களும் தெனமும் பாத்த கைதானே இது."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார். நான் விரல்களில் எண்ணிப் பார்த்தேன். ஆவணியிலிருந்து கார்த்திகைவரை மூன்று மாதங்கள். அண்ணன் ஒவ்வொரு நாளும் அந்தக் கையை வெளியே நீட்டியிருக்கிறார். அதைத் தினமும் கண்ட இரண்டு பேர் என் முன்னால் நின்றார்கள். அவர்களிடம் நான் கையில்லாத ஒருவனைக் காட்டினேன்.

பிரஜைகள் குழுப் பெரியவர் அந்த மனிதரின் சாட்சியத்தை எழுதி அனுப்பினார். அப்படி ஒருவர் எப்போதும் இருந்ததில்லை என்று பதில் வந்தது. "உயிரோடை இருக்கிற ஆளை மறைக்கிறதுதான் கஷ்டம் பிள்ளை. இந்தச் சாட்சி கொஞ்சம் முந்திக் கிடைச்சிருந்தால்..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சோதனை வந்தது. 'எகிப்திய, கிரேக்கக் கலைப் பாணிகளை ஒப்பிடுக.' எதிர்பார்த்த கேள்விதான். எகிப்தியன் ஒன்றையும் தொலைக்கக்கூடாது என்று பயந்தவன், அதனால்தான் எல்லாவற்றையும் கீறினான் என்று எழுதினேன். கிரேக்கனைப் பற்றி எழுத வந்தபோது பேனையைக் கீழே வைத்தேன். ஆனாலும் அவன் கைகளை விலக்கினான் என்று நான் பாடமாக்கி வைத்திருந்த அந்த வசனத்தை எழுதினேன். வேறு எழுத எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்தில், வர்ணப் படங்கள் போட்ட தடித்த புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. றோணியோ தாளில் நான் பார்த்த அதே பெண் சிலை. கீழே சிறிய எழுத்தில், மண்ணுக்குள்ளிருந்து எடுத்தபோதே கைகள் உடைந்து போயிருந்தன, இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. கிரேக்கன் கை வைத்துத்தான் செதுக்கியிருக்கிறான். நகம்கூட வைத்திருப்பான். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் அழுதேன்.

எண்பத்தொன்பதில் மாமா வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்குச் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்தால்தான் என் கலியாணப் பேச்சை எடுக்கலாம் என்றார். நெற்றியில் பொட்டு வைத்து மாலை போட ஒரு படம் வேண்டும் என்று சுவரைப் பார்த்தார். சுவரில் எகிப்தியப் படம் ஒட்டியிருந்தது. பக்கவாட்டு முகத்தில் பொட்டு வைக்க நெற்றி ஏது? அம்மா எழுந்து போய் அலுமாரியிலிருந்து, மழையில் அழிந்த அந்தக் கிரேக்கத் தாளை எடுத்து வந்து மாமாவிடம் கொடுத்தார்.

"இதுக்குச் செய்யுங்கோ. இது ஆரெண்டு எனக்குத் தெரியாது."

மாமா எழுந்து போனார். நேரம் மத்தியானமாகியிருந்தது. அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நாளும் செய்வது போல, சுவரோரப் பெட்டியின் மேல், அந்தக் கையின் உயரத்துக்குச் சரியாக வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையைத் தடவினார்.

"ஒருத்தரும் சொல்லாமலே நீ இந்தக் கையைக் கீறி வைச்சிருந்தாய் பிள்ளை. நீ கீறியிருக்காட்டில், அவன் எங்கை இருந்தவன், சாப்பிட்டவனோ எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஆவணியில் வந்த அந்த இரண்டு பேரும் எந்த அறையில் இருந்தார்கள் என்பதை நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை.

"ஓமம்மா" என்றேன்.